ஈஸ்வரிக்கு மாத்தாள்

“அக்கா, நாங்க எழுதாம உட்டுட்டா இது எங்கள மறந்துடுமா?”

ஏழாம் வகுப்பு ஈஸ்வரி ஒரு கார்த்திகை மாதத்துச் சாயங்காலத்தில் கேட்ட கேள்வி அது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே போகும் மண்சாலையின் முடிவில் இருந்த பள்ளிக்கூடம். புவனா அப்போது ஒயர்களைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். மேகம் இறங்கிவிட்டால் அமிர்திக் காட்டுச் சாலையில் ஜீப் ஊர்ந்துதான் போகும். அந்த அவசரத்தில் தலையைக்கூட நிமிர்த்தாமல், “மறக்காம பின்ன? ரொம்ப நாள் எழுதாதவங்கள அது இன்னாத்துக்கு ஞாபகம் வச்சிக்கணும்? தினமும் எழுதுங்க” என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. புவனா அதைப் பார்க்கவில்லை.

சிந்திய நெல்லை அள்ளிவிடலாம், சிந்திய சொல்லை அள்ள முடியாது என்பார்கள். புவனாவின் சொல் தவறிக்கூட விழவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். அவள் எழுதிய மென்பொருள் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

அதற்குப் ‘பலகை’ என்று பெயர் வைத்திருந்தாள். மலைப் பள்ளிகளுக்கும் அடிவாரப் பள்ளிகளுக்கும் பழைய லேப்டாப்புகளைச் சேகரித்துக் கொடுக்கும் சின்ன அறக்கட்டளை ஒன்று வேலூரில் இருந்தது. அதில் அவளுக்கு வேலை. யாரோ உபயோகித்துக் கழித்த அந்த இயந்திரங்களில் கனமான எதுவும் ஓடாது. பலகையில் படம் இல்லை, விளையாட்டு இல்லை, இன்டர்நெட்டும் வேண்டாம். வெள்ளையாக ஒரு பக்கம், பெரிய தமிழ் எழுத்து, ஓரத்தில் பிள்ளைகளின் பெயர்கள். தன் பெயரைத் தொட்டால் தன் பக்கம் திறக்கும். அவ்வளவுதான். இடம் அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அதில் ஒரு விதி வைத்திருந்தாள். எழுதாமல் விட்ட பிள்ளையின் பெயர் நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே வரும். ஒரு மாதத்துக்கு மேல் போனால் பெயர் மறைந்துவிடும், அந்தப் பிள்ளை எழுதியதும் அதோடு போய்விடும். பள்ளியை விட்டுப் போனவர்களின் குப்பை தானாகவே கழிந்துவிடும் என்பது அவள் கணக்கு. போகிறவர்கள் எல்லோரும் விட்டுப் போகிறவர்கள் அல்லர் என்று வேலூரில் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்தது. மாசி மாதக் கடைசியில் ஒரு நாள், அறக்கட்டளையை நடத்தும் ராஜாக்கண்ணு அவளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். சொந்த வீட்டின் முன்னறையையே அலுவலகமாக விட்டிருந்தார். பொய் மட்டும் அவருக்கு ஆகாது. நன்கொடை தருகிறவர்களிடம் ஒரு முறை பொய்க் கணக்குப் போய்விட்டால் பிறகு ஒரு குழந்தைக்கும் ஒன்றும் செய்ய முடியாது என்பார்.

“மலைப் பள்ளிக்கூடத்துல ஈஸ்வரின்னு ஒரு பொண்ணு. தை மாசத்துலேர்ந்து பள்ளிக்கூடத்துக்கே வரலைன்னு வருகைப் பதிவுல இருக்கு. ஆனா மாசா மாசம் அங்கேர்ந்து வர்ற பலகைக் கணக்குல தினமும் எழுதுதுன்னு இருக்கு. இது எப்படிம்மா?”

ஆசிரியர் எண்ணிக்கை காட்டுவதற்காகத் தானே எழுதியிருப்பார் என்று ராஜாக்கண்ணு நினைத்தார். வேறு இரண்டு இடங்களில் அப்படி நடந்திருந்தது. ஆலங்காயம் பக்கத்துப் பள்ளி ஒன்று வெகுநாளாக இயந்திரங்கள் கேட்டுக் காத்திருந்தது. மேலே போய் விசாரிக்க வேண்டும், பொய் என்றால் எல்லா லேப்டாப்புகளையும் கையோடு ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை மலையேறும்போது புவனாவுக்கு மனசு சரியில்லை. பள்ளியின் ஒரே ஆசிரியர் ஜீவானந்தத்தை அவளுக்குத் தெரியும். போளூரிலிருந்து வந்து, பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையிலேயே தங்கியிருப்பவர். லேப்டாப்புகளை மழைச்சாரல் படாமல் வைக்க வேண்டும் என்று தன் கட்டிலை வராந்தாவில் போட்டுக்கொண்டு அறையை அவற்றுக்கு விட்டவர். அவரைப் போய்ப் பொய்யர் என்று எழுத வேண்டியிருக்குமோ? ‘அம்மா ரேணுகாம்பா, யாருக்கும் தீங்கு வராத உண்மையாக இருக்கட்டும்’ என்று தங்கள் ஊர்த் தெய்வத்தை வேண்டிக்கொண்டாள். அப்படிப்பட்ட உண்மை எப்போதும் கிடைப்பதில்லை.

ஜீவானந்தம் அவளை வரவேற்று, டீ வரவழைத்து, விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடிக்கும் முன்பே தலையாட்டினார்.

“நான்தான் எழுதினேன் மேடம். அப்படியே எழுதிக்குங்க.”

“ஏன் சார்?”

“எண்ணிக்கை கொறைஞ்சா மெஷின எடுத்துக்கினு போய்டுவீங்களேன்னுதான்.”

இவ்வளவு சீக்கிரம் யாரும் தன் கழுத்தை நீட்டுவதில்லை. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஈஸ்வரியின் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, உட்கார்ந்து படித்தாள்.

தைக்கு முன்பு எழுதியவை ஒரே சீராக இருந்தன. அப்பா சாமை அடித்தது, தம்பி தேள் கடித்துப் பிழைத்தது, எல்லாம் நீளமான வாக்கியங்கள். பொங்கலுக்குப் பிறகு எல்லாம் துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருந்தது. ‘இன்று ஆடு குட்டி போட்டது. கருப்பு. முன்னங்கால் இரண்டும் வெள்ளை.’ அடுத்த நாள், ‘இன்று முட்டை. மஞ்சளைக் கடைசியில் தின்றேன்.’ அதற்கடுத்து, ‘ஈஸ்வரி நல்லா இருக்கிறாள். அங்கே குளிர் அதிகம். அவள் அம்மா கம்பளி வாங்கித் தந்தாள்.’ பிறகு மறுபடியும் ஆட்டுக்குட்டி. அது துள்ளியது, அது காகிதம் தின்றது. சில நாள் கழித்து, ‘ஈஸ்வரி இன்றும் நல்லா இருக்கிறாள்.’

ஒரே ஆள் எழுதியதில்லை அது. ஐம்பது வயது ஆசிரியர் முட்டையின் மஞ்சளைக் கடைசிக்கு வைத்துத் தின்றிருக்கவும் முடியாது.

மதியம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கார்த்திகையில் அவளைச் சுற்றி மொய்த்த பிள்ளைகள் இன்று தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்கள். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜீப் டிரைவர் சொல்லியிருப்பார்.

“முன்னங்கால் வெள்ளையா ஒரு ஆட்டுக்குட்டி இருக்காமே, யாரு வூட்டுது?” என்று பொதுவாகக் கேட்டாள்.

எல்லாத் தலைகளும் ஒரு கணம் கருப்பன் என்ற பையன் பக்கம் திரும்பிவிட்டு அவசரமாகத் தட்டுக்குத் திரும்பின. கருப்பன் சோற்றை விழுங்கிவிட்டு, “எல்லார் வூட்லயும்தான் ஆடு இருக்குது” என்றான்.

“எல்லா ஆடும் காகிதம் தின்னுமா?”

“அவன் வூட்டுப் பாடத்தையே தின்னுதுக்கா” என்றது ஒரு பொடிசு. ஒரு சிரிப்புக் கிளம்பியது. கருப்பன் அருகில் இருந்த பாஞ்சாலை, ஈஸ்வரியின் கூட்டாளி, சிரிக்கவில்லை. “வாய மூடுங்கடா. சொன்னீங்கன்னா அவ பேரு போய்டும்” என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. கண் கலங்கி, எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

பிறகு கருப்பன்தான் சொன்னான். ஈஸ்வரியின் அப்பா அம்மா பொங்கல் முடிந்ததும் குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போனார்கள். காப்பி முடிந்தால் மிளகு. மலையில் சாமை அறுத்துவிட்டால் ஆடி விதைப்புவரை கொல்லை நிலத்தில் வேலை இல்லை. ஒவ்வொரு வருஷமும் சில குடும்பங்கள் போகும். போன தடவைவரை ஈஸ்வரியை மாமா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். மாமா இறந்துவிட்டார். இந்த வருஷம் கூட்டிப் போவார்கள் என்று கார்த்திகையிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. போகிற நாளன்று பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பலகையில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

“கொஞ்ச நாள்ல அவ பேரு வெளுத்துப் போச்சுக்கா. படிக்கவே முடியல. நீங்கதான சொன்னீங்க, எழுதலைன்னா மறந்துடும்னு. அதான் நாங்க மாத்தாள் போனோம்.”

புவனா அவன் பக்கம் திரும்பினாள். “மாத்தாளா?”

அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து அவன் பொறுமையாக விளக்கினான். ஒரு வீட்டில் ஆள் இல்லை, காய்ச்சல், சாவு என்றால் கொல்லை தரிசாகக் கிடக்கக் கூடாது. ஊரார் ஆளுக்கொரு நாள் போய் உழுது களையெடுப்பார்கள். கூலி கிடையாது. அந்த வீட்டு ஆள் எழுந்து வந்ததும் அவர்களுக்கு அதே மாதிரி போவார்கள். “ஈஸ்வரி வந்து எங்களுக்கு எழுதுவா. அவ எங்களவிட நல்லா எழுதுவா” என்று முடித்தான்.

அவளுக்கு விளங்காமல் இல்லை. அந்தச் சொல்லை அவள் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறாள். படவேட்டில் அவர்கள் குடும்பத்துக்குச் சொற்ப நிலம் இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம், நாற்று முற்றிக்கொண்டிருந்தது, நடவுக்கு ஆள் இல்லை. அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். அடுத்த வயலுக்குக் கரும்பு வெட்ட வந்திருந்த மலை ஆட்கள் விஷயம் தெரிந்து, இவர்கள் வயலிலும் இறங்கி நட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா பதறிப் போய்க் கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, “மாத்தாள்னு வச்சுக்கம்மா, எங்களுக்கு ஆவும்போது வாங்க” என்றாள் ஒரு பெண். எந்த ஊர் என்றுகூட அம்மா கேட்கவில்லை. அப்பா பிழைத்தார், நெல் விளைந்தது, புவனா படித்தாள். மலைக்கு யாரும் நடவுக்குப் போகவில்லை. அம்மா மட்டும் அவ்வப்போது விளக்கேற்றும்போது, ‘மலைக்காரங்க கடன் ஒண்ணு நிக்குது’ என்று சாமியிடம் சொல்வாள்.

வராந்தாவில் ஜீவானந்தம் நின்றிருந்தார். பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள் என்று அவளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

“அவங்க செஞ்சதப் பொய்க் கணக்குன்னு காயிதத்துல பாக்க எனக்கு மனசு வரல மேடம். பொய்னு ஒண்ணு இருந்தா அது என் பேர்லயே இருக்கட்டும்னு நெனைச்சேன். ரெஜிஸ்டர்லகூட ஈஸ்வரி பேர அடின்னு சொல்றாங்க. நான் இன்னும் அடிக்கல. தினமும் கூப்புடறேன். பசங்க காது குடுத்துக் கேட்டுக்கினே இருக்காங்க.”

அவர் சொன்னபடியே எழுதிவிட்டால் பிள்ளைகள் தப்பித்துவிடுவார்கள், ஆனால் ஒரு நல்ல மனிதரின் மேல் சேறு விழும். ஒன்றும் இல்லை என்று எழுதினால் எல்லோரும் தப்பிக்கலாம், ஆனால் அது அவள் சொல்லும் பொய். புவனா ஏரிக்கரை மேட்டுக்கு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போனாள். நடந்ததை நடந்தபடி ராஜாக்கண்ணுவிடம் சொன்னாள். தான் கார்த்திகையில் சொன்ன பதிலையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

அந்த ஆசிரியர் மேல் எந்தக் குற்றமும் எழுத வேண்டாம் என்றார் அவர்.

“மனசுக்கு நல்லாத்தான் இருக்கு புவனா. ஆனா நம்ம அனுப்பின எண்ணிக்கை பொய்தானம்மா. கமிட்டி கூடி முடிவு பண்ற வரைக்கும் மெஷின் இங்க இருக்கட்டும். அங்கயே உட்டுட்டு வந்தா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க.”

அறக்கட்டளையின் கமிட்டி ஆனி மாதத்தில்தான் கூடும். அவள் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை, மாறவும் இல்லை.

லேப்டாப்புகளைப் பெட்டியில் அடுக்கும்போது பிள்ளைகள் வந்து கைகொடுத்தார்கள். யாரும் அழவில்லை. துணியால் துடைத்து, ஒன்றோடொன்று உரசாதபடி இடையில் பழைய செய்தித்தாளை மடித்து வைத்தார்கள். அந்த ஒழுங்கைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. ஜீப் கிளம்பும்போது பாஞ்சாலை ஓரமாக வந்து நின்றாள்.

“அக்கா, அங்க யாரு எழுதுவாங்க? ஈஸ்வரிக்கு மட்டும் இல்ல, இப்ப எங்க எல்லாருக்கும் பேரு வெளுத்துடுமே.”

புவனா வாயைத் திறந்தாள். யோசிக்காமல் ஒரு பதில் சொன்னதன் பலன் ஜீப்பின் பின்னால் அடுக்கியிருந்தது. அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஏறிக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் பெட்டிகள் அசையும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வேலூரில் பெட்டிகளை மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையில் வைத்தார்கள். அன்று மாலையே அவள் பலகையின் விதியை மாற்ற உட்கார்ந்தாள். அவள் எழுதியதுதான், அவளால் மாற்றவும் முடியும். ஆனால் அந்தப் பழைய இயந்திரங்களில் புதியதை ஏற்றினால் உள்ளே இருக்கும் பக்கங்கள் அழிந்துவிடும். அழியாமல் மாற்றும் வழியைக் கண்டுபிடித்துச் சோதித்துப் பார்க்க மாதக்கணக்காகும். அதற்குள் எல்லாப் பெயர்களும் போய்விடும். தான் கட்டிய வீட்டுக்குத் தானே பின்வாசல் வைக்க மறந்திருப்பது புரிந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் படவேட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாள். அலுவலகத்துக்கு வேறு யாரும் வருவதற்கு வெகுநேரம் முன்பே வந்துவிட்டாள். லேப்டாப்புகளுக்குச் சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்று ராஜாக்கண்ணுவிடம் முந்தின நாளே சொல்லிச் சாவி வாங்கியிருந்தாள். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அதற்காகக் கோயிலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாமான் அறையில் ஒரு பாயை விரித்து, ஒரு இயந்திரத்தை மடியில் வைத்துத் திறந்தாள். ஓரத்தில் பெயர்கள் இலேசாக வெளிற ஆரம்பித்திருந்தன. ஈஸ்வரியின் பெயரைத் தொட்டாள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இத்தனை பிள்ளைகளை எழுதச் சொன்னவளுக்கு ஒரு வரி எழுத வரவில்லை. கடைசியில் எழுதினாள்: ‘ஈஸ்வரிக்காகப் புவனா. மாத்தாள். எங்கள் ஊரில் இன்று நாற்று விட்டார்கள். தண்ணீர் கணுக்கால் வரை.’ பெயர் கறுத்து எழுந்தது. அடுத்து கருப்பன், அடுத்து பாஞ்சாலை. ஒவ்வொரு பக்கத்திலும் தன் பெயரைச் சொல்லித்தான் எழுதினாள். இன்னொருவர் கொல்லையில் வேலை செய்யலாம்; அதைத் தன் கொல்லை என்று சொல்லக் கூடாது. பிறகு அடுத்த இயந்திரம்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். சித்திரை வெயிலில் அந்த அறை அடுப்பாகக் கொதித்தது. காலை நேரத்தில் எங்கே ஓடுகிறாள் என்று அம்மா ஒரு முறை கேட்டாள். வேலை இருக்கிறது என்றாள். தன் கடனைத் தான் அடைக்கும்போது சாமியிடம்கூடச் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. சாமிக்குத் தெரியாதா என்ன.

நிம்மதி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பெயர்களைக் காப்பாற்றலாம். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் என்ன ஆவார்கள் என்பது அவள் கையில் இல்லை. எழுதும்போதெல்லாம் அந்தப் பயம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

ஆனி பிறந்ததும் கமிட்டி கூடியது. ராஜாக்கண்ணு பிள்ளைகளின் கதையை மறைக்காமல் எடுத்துச் சொன்னார். பொய்யான எண்ணிக்கையைத் திருத்திக் கொடுத்துவிட்டு, இயந்திரங்கள் அதே மலைப் பள்ளிக்கே திரும்பட்டும் என்று அவரே கேட்டு வாங்கினார். ஆலங்காயத்துக்கு வேறு ஏற்பாடு செய்வதாக முடிவானது. புவனாவின் புதிய பலகையும் அதற்குள் தயாராகிவிட்டது. அதில் யாருடைய பெயரும் வெளிறாது.

அந்தச் சேதியைச் சொல்ல அவள் ஜீவானந்தத்துக்குப் போன் செய்தாள். அவர் சந்தோஷத்தில் முதலில் திக்கினார்.

“ஈஸ்வரி வந்துட்டா மேடம், ஆடி விதைப்புக்கு அவங்கப்பா முன்னாடியே வந்துட்டாரு. ரெஜிஸ்டர்ல கூப்பிட்டதும் ‘உள்ளேன்’னா பாருங்க, பசங்க கை தட்டிட்டாங்க. பாஞ்சாலைதான் இந்த வருஷம் வரல. அக்கா குழந்தையப் பாத்துக்க ஓசூருக்கு அனுப்பிட்டாங்க. எப்ப வருவான்னு தெரியல. மெஷின் எப்ப வரும்னு ஈஸ்வரி தினமும் கேக்குறா. பாஞ்சாலைக்கு எழுதணுமாம்.”

புவனா ஜீப் வரும் நாளைச் சொல்லிப் போனை வைத்தாள்.

ஜீப் மலைக்குப் போகும் நாளன்று விடியற்காலையில் கடைசி முறையாகச் சாமான் அறைக்குப் போனாள். புதிய பலகையை ஒவ்வொன்றாக ஏற்றினாள். பிள்ளைகளின் பக்கங்கள் ஒரு வரி குறையாமல் இருந்தன, ஆட்டுக்குட்டி, முட்டை, கம்பளி எல்லாம். அவற்றுக்குக் கீழே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக அவள் எழுதிய வரிகள் நின்றன. நாற்று விட்டது, நட்டது, பச்சை பிடித்தது, களை எடுத்தது, கதிர் வாங்கியது என்று படவேட்டு வயல் ஒன்று முழுதாக அதில் விளைந்திருந்தது.

அவற்றை அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். ஈஸ்வரியின் பக்கத்தில், கருப்பனின் பக்கத்தில், பாஞ்சாலையின் பக்கத்தில். வீட்டு ஆள் திரும்பி வந்த பிறகு மாத்தாள் கொல்லையில் நிற்பதில்லை. பாஞ்சாலையின் கொல்லைக்கு இனி ஈஸ்வரி மாத்தாள். அன்று படவேட்டில் நட்டுவிட்டுப் போன அந்த மலைக்காரப் பெண்ணும் நிற்கவில்லை, பெயர்கூடச் சொல்லவில்லை.

கடைசி இயந்திரத்தை மூடித் துணியால் துடைத்தாள். பிள்ளைகள் வைத்தனுப்பிய அதே செய்தித்தாளை மடித்து இடையில் செருகினாள். தெருவில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. பாயைச் சுருட்டி அதன் இடத்தில் சாத்திவிட்டு, முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.